கேமுக்கும் சிப்புக்கும் நடுவில் யார்? கன்சோல், பிசி, ஓஎஸ் பற்றிப் புதியவர்களுக்கு

சோனியின் பிளேஸ்டேஷன் 5, மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் என்ற இரண்டு கேம் கன்சோல்களையும் கழற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கூடப் பிறந்தவர்கள் மாதிரி இருக்கும். இரண்டும் 2020 நவம்பரில் வந்தவை. இரண்டிலும் ஏஎம்டி செய்த 8 கோர் பிராசஸர், ஸென் 2 வகை. இரண்டிலும் ஆர்டிஎன்ஏ 2 குடும்பத்து கிராபிக்ஸ். இரண்டிலும் 16 ஜிபி மெமரி. அதே தலைமுறை ஏஎம்டி சிப்புகளை வாங்கி ஒரு பிசியும் கட்டிவிடலாம். ஆனாலும் பிளேஸ்டேஷன் டிஸ்க்கை எக்ஸ்பாக்ஸில் போட்டால் கேம் ஓடாது. பிசியில் போட்டாலும் ஓடாது.

கம்பெனி போட்ட பூட்டு ஒரு காரணம். ஆனால் அந்தப் பூட்டையே உடைத்துப் போட்டாலும் கேம் ஓடப்போவதில்லை. ஏனென்றால் எந்த கேமும் சிப்போடு தனியாக உட்கார்ந்து பேசுவதில்லை. நடுவில் ஒருவர் நிற்கிறார். ‘இந்த ஃபைலைத் திறந்து கொடு’, ‘இந்தச் சுவரைத் திரையில் வரை’, ‘எந்த பட்டன் அமுங்கியிருக்கிறது, சொல்லு’ என்று கேம் அவரிடம்தான் கேட்கிறது. அவர்தான் ஆபரேட்டிங் சிஸ்டம், சுருக்கமாக ஓஎஸ். பிளேஸ்டேஷனில் நிற்பவர் வேறு, எக்ஸ்பாக்ஸில் நிற்பவர் வேறு. கேம் ஒருவரிடம் பேசப் பழகியிருந்தால் இன்னொருவருக்கு அது பேசுவது புரியாது.

கேம் ஆட ஆசைப்பட்டுப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டைப் பற்றியும், அதன் கணக்குப் போடும் வேகத்தைச் சொல்லும் டெராஃபிளாப்ஸ் பற்றியும்தான் மாதக்கணக்கில் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதுவும் தேவைதான். ஆனால் பல வருஷங்களாகக் கன்சோலிலும் பிசியிலும் மாறி மாறி ஆடியதில் எனக்குப் பட்டது இது: நீங்கள் தினமும் குடித்தனம் நடத்தப்போவது அந்த நடுவில் நிற்பவரோடுதான். எந்த கேம் ஓடும், எவ்வளவு வழவழப்பாக ஓடும், பத்து வருஷம் கழித்தும் ஓடுமா என்பதில் பாதிக்கு மேல் அவர் கையில் இருக்கிறது.

ஒரு பட்டனை அமுக்கினால்

குதிக்கிற பட்டனை அமுக்குகிறீர்கள், திரையில் உங்கள் ஆள் குதிக்கிறான். நடுவில் நடப்பதைக் கொஞ்சம் மெதுவாக ஓட்டிப் பார்ப்போம்.

கன்ட்ரோலர் அனுப்பும் சிக்னலை முதலில் வாங்குவது ஓஎஸ். கேம் ஒவ்வொரு சுற்றிலும் ‘ஏதாவது பட்டன் அமுங்கியிருக்கிறதா’ என்று அதைக் கேட்கும். ஆமாம் என்று பதில் வந்ததும் பிராசஸர் கணக்குப் போட ஆரம்பிக்கும். ஆள் எவ்வளவு உயரம் போவான், கால் எந்தக் கல்லில் படும், பின்னால் வரும் எதிரி அவனைப் பார்ப்பானா, இப்படி. கணக்கு முடிந்ததும் ‘இதை இங்கே வரை, அதை அங்கே வரை’ என்று ஆயிரக்கணக்கான கட்டளைகள் கிராபிக்ஸ் சிப்புக்குப் போகும். அது வரைந்த படம் திரைக்கு வரும். ஒரு சுற்று முடிந்தது. அதற்குப் பெயர்தான் ஃபிரேம்.

விநாடிக்கு 60 ஃபிரேம் வேண்டுமென்றால் இவ்வளவும் 16.67 மில்லி விநாடிக்குள் முடிந்தாக வேண்டும். 30 ஃபிரேம் போதும் என்றால் 33.3 மில்லி விநாடி கிடைக்கும். சில கன்சோல் கேம்களில் 40 ஃபிரேம் என்று ஒரு செட்டிங் இருக்கும். 30-க்கும் 60-க்கும் சரிபாதி 45-தானே என்று தோன்றும். நேரத்தில் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 40 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேமுக்கு 25 மில்லி விநாடி. 33.3-க்கும் 16.67-க்கும் நட்டநடு அதுதான். அதனால்தான் 40-ல் ஆடும்போது 30-ஐவிட நன்றாகவே வித்தியாசம் தெரிகிறது. இதற்கு 120 ஹெர்ட்ஸ் டிவி, அதாவது விநாடிக்கு 120 முறை படத்தை மாற்றுகிற டிவி தேவை. 120-ஐ 40 மீதமில்லாமல் வகுக்கும், 60-ஐ வகுக்காது. உங்கள் டிவியில் 120 இருந்தால் இந்த செட்டிங்கை ஒருமுறையாவது போட்டுப் பாருங்கள். அழகும் வேகமும் இரண்டும் வேண்டும் என்கிறவர்களுக்கு என் முதல் சிபாரிசு இதுதான்.

சரி, அந்த ‘வரை’ என்ற கட்டளை எந்த மொழியில் போகிறது? அந்த மொழிக்கு கிராபிக்ஸ் ஏபிஐ என்று பெயர். விண்டோஸிலும் எக்ஸ்பாக்ஸிலும் டைரக்ட்3டி. ஆப்பிளில் மெட்டல். சோனி கன்சோலுக்கென்று சோனியே வைத்திருக்கும் தனி மொழி. ஒருவருக்கும் சொந்தமில்லாமல் எல்லோருக்கும் பொதுவாக க்ரோனோஸ் குழு 2016-ல் வெளியிட்டது வல்கன். இந்தப் பெயர்களை இப்போதைக்கு மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

முன்பு இப்படி ஒரு பொதுமொழியே இல்லை. விண்டோஸுக்கு முந்திய டாஸ் என்ற ஓஎஸ் காலத்தில் கேம்கள் ஓஎஸ்ஸை ஓரமாகத் தள்ளிவிட்டு ஹார்டுவேரோடு தாங்களே பேசின. கேம் இன்ஸ்டால் செய்யும்போதே உங்களிடம் எந்த சவுண்ட் கார்டு இருக்கிறது, பிராசஸரைக் கூப்பிட அது பயன்படுத்தும் ஐஆர்க்யூ எண் என்ன என்று கேட்கும். தப்பாகச் சொன்னால் கேமில் சத்தம் வராது. விண்டோஸ் 95 வந்தபோது, கேம் எழுதுகிறவர்கள் டாஸை விட்டு வரத் தயங்கினார்கள். அவர்களை இழுக்க மைக்ரோசாஃப்ட் 1995-ல் கொண்டுவந்ததுதான் டைரக்ட்எக்ஸ். மேலே சொன்ன டைரக்ட்3டி இதன் ஒரு பகுதி. ‘எங்களிடம் ஒரே மொழியில் சொல்லுங்கள், எந்த கார்டாக இருந்தாலும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்பதுதான் டைரக்ட்எக்ஸின் சாரம். இன்றைக்கும் பிசி கேமிங் என்றால் விண்டோஸ் என்று ஆகிப்போனதற்கு வேர் அங்கேதான் இருக்கிறது. 2001-ல் வந்த எக்ஸ்பாக்ஸின் பெயரும் டைரக்ட்எக்ஸ் பாக்ஸ் என்பதிலிருந்து சுருங்கி வந்ததுதான்.

கன்சோல் எதில் ஜெயிக்கிறது

கன்சோல் என்பது சிப், ஓஎஸ், ஏபிஐ, கடை நான்கையும் ஒரே கம்பெனி முடிவு செய்கிற கம்ப்யூட்டர். அவ்வளவுதான். பிளேஸ்டேஷன் 4-ன் ஓஎஸ், ஃப்ரீபிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வழி சிஸ்டத்திலிருந்து உருவானது. எக்ஸ்பாக்ஸில் இருப்பது விண்டோஸின் வாரிசு. நின்டெண்டோ ஸ்விட்ச்சில் இருப்பது நின்டெண்டோவின் சொந்தச் சரக்கு. பெயர்களை விடுங்கள். கேம் எழுதுகிறவருக்கு இதில் கிடைக்கும் நிம்மதிதான் முக்கியம். லட்சக்கணக்கான வீடுகளில் இருப்பதும் அவர் மேஜைமேல் இருப்பதும் ஒரே இயந்திரம். அவர் மேஜையில் ஓடினால் அந்த வீடுகளிலும் ஓடும்.

இந்த நிம்மதியின் அருமை தெரிய, பிசியில் வரும் திக்கலைப் பார்க்கவேண்டும். ஆங்கிலத்தில் ஸ்டட்டர் என்பார்கள். திக்கிப் பேசுவது மாதிரி கேம் ஓடும்.

ஷேடர் என்று ஒரு விஷயம் இருக்கிறது. ஈரமான கல்லின் மேல் ஒளி விழுந்தால் எந்த நிறம் தெரியவேண்டும், புகை எப்படிக் கலையவேண்டும் என்று கிராபிக்ஸ் சிப்புக்குச் சொல்லித் தரும் குட்டி நிரல் அது. ஒரு பெரிய கேமில் இவை ஆயிரக்கணக்கில் இருக்கும். கேம் எழுதுகிறவர் எழுதியது அப்படியே சிப்புக்குப் புரியாது. ஒவ்வொரு சிப்புக்கும் அதனதன் மொழியில் மாற்றிக் கொடுக்கவேண்டும். அதைத்தான் கம்பைல் செய்வது என்கிறோம்.

கன்சோலில் சிப் எதுவென்று முன்கூட்டியே தெரியும். ஸ்டுடியோவிலேயே எல்லாவற்றையும் கம்பைல் செய்து டிஸ்க்கில் வைத்துவிடுவார்கள். பிசியில் உங்களிடம் இருப்பது என்விடியாவா, ஏஎம்டியா, இன்டெல்லா, எந்த வருஷத்து மாடல், அதை ஓட்டும் மென்பொருளான டிரைவர் எது என்று அவர்களுக்குத் தெரியாது. அதனால் அந்த வேலை உங்கள் வீட்டில், உங்கள் இயந்திரத்தில் நடக்கிறது. கேம் தொடங்கும்போதே உட்காரவைத்து ‘ஷேடர்கள் தயாராகின்றன’ என்று பட்டை ஓட்டினால் அது நல்ல கேம். அந்தப் பட்டையைப் பார்த்து எரிச்சல்படாதீர்கள், அது உங்களுக்கு நல்லதுதான் செய்கிறது. சில கேம்கள் அதைச் செய்யாமல், தேவைப்படும் நொடியில் கம்பைல் செய்யும். ஒரு மூலையைத் திரும்புகிறீர்கள், முதல்முறையாக ஒரு வெடிப்பு. அதன் ஷேடர் தயாராக 100 மில்லி விநாடி ஆகிறது என்று வையுங்கள். 60 ஃபிரேம் கணக்கில் ஆறு ஃபிரேம் போச்சு. திரை ஒரு கணம் உறைந்து குதிக்கும். அடுத்தமுறை அதே வெடிப்பு வந்தால் ஒன்றும் ஆகாது, ஏற்கெனவே தயாரானது சேமிப்பில் இருக்கும். அப்புறம் டிரைவரை அப்டேட் செய்தால் எல்லாம் முதலிலிருந்து.

பிசி வாங்கிய புதிதில் கார்டில்தான் கோளாறு என்று நினைத்துப் பலர் செட்டிங்ஸை எல்லாம் குறைத்துக்கொண்டே போவார்கள். நானும் ஒரு வாரம் அதைத்தான் செய்தேன். கேமின் பெயரைச் சொல்லவில்லை. எல்லாவற்றையும் ‘லோ’வில் வைத்தும் அதே இடத்தில் அதே திக்கல். ஷேடர் கம்பைல் திக்கலுக்கும் கார்டின் வலிமைக்கும் பெரிய சம்பந்தமில்லை என்று அப்போதுதான் உறைத்தது. எப்போதுமே ஃபிரேம் குறைவாக இருக்கிறதா, கார்டைப் பாருங்கள். புது இடத்தில், புது எதிரியைப் பார்க்கும்போது மட்டும் உறைகிறதா, ஷேடரைச் சந்தேகப்படுங்கள்.

வேலை முடிந்து வந்து ஒரு மணி நேரம் சோபாவில் சாய்ந்து ஆடவேண்டும், டிரைவர், செட்டிங்ஸ் என்று எதையும் நோண்ட விருப்பமில்லை என்கிறவருக்கு நான் தயங்காமல் கன்சோலைத்தான் சொல்வேன். ஆடிக்கொண்டிருக்கும்போதே ஓய்வு நிலைக்குப் போட்டுவிட்டு, மறுநாள் பட்டனை அமுக்கியதும் விட்ட இடத்திலிருந்தே தொடர்வது கன்சோலில் அவ்வளவு இயல்பாக நடக்கிறது. விண்டோஸ் பிசியில் இது இன்னமும் நம்பி விட்டுவிட்டுப் போகிற அளவுக்கு வரவில்லை என்பது என் அனுபவம்.

ஆனால் விலையும் கொடுக்கவேண்டும், பணத்தில் மட்டும் இல்லை. காசு கொடுத்து வாங்கிய கேமைப் பிளேஸ்டேஷனிலும் எக்ஸ்பாக்ஸிலும் ஆன்லைனில் நண்பர்களோடு ஆட பெரும்பாலும் தனிச் சந்தா கட்டவேண்டும். பிசியில் அப்படி இல்லை. அதைவிட எனக்கு உறுத்துவது பழைய கேம்கள். 2006-ல் வந்த பிளேஸ்டேஷன் 3-ல் செல் என்ற விசித்திரமான பிராசஸர் இருந்தது. ஒரு முதன்மைக் கோரும் அதைச் சுற்றி எஸ்பியு என்ற சின்னச் சின்ன உதவிக் கோர்களும். அதற்கென்றே எழுதிய கேம்கள் வேறெங்கும் எளிதில் ஓடாது. இன்றைக்கும் பிளேஸ்டேஷன் 5-ல் அந்த டிஸ்க்கைப் போட்டால் ஓடாது. எக்ஸ்பாக்ஸ் இந்த விஷயத்தில் பாராட்டுக்குரியது, முதல் எக்ஸ்பாக்ஸ் கேம்கள் சிலவற்றைக்கூட சீரிஸ் எக்ஸில் ஆடலாம். நின்டெண்டோ 2023 மார்ச்சில் 3டிஎஸ், வீ யு என்ற தன் பழைய இயந்திரங்கள் இரண்டின் ஆன்லைன் கடைகளையும் மூடிவிட்டது. டிஜிட்டலாக மட்டும் வந்த கேம்களை அதற்கப்புறம் அங்கே புதிதாக யாரும் வாங்க முடியாது. கடையும் ஓஎஸ்ஸும் ஒரே கையில் இருந்தால் இது நடக்கத்தான் செய்யும்.

விண்டோஸ், மேக், லினக்ஸ்

பிசி என்று முடிவு செய்தாயிற்று. அதில் எந்த ஓஎஸ்?

மேக்கைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். கேம் ஆடுவதற்காக மேக் வாங்காதீர்கள். சிப்புகள் அருமையானவை, அதில் சந்தேகமில்லை. ஆனால் 2019-ல் கேட்டலினா என்ற பதிப்போடு 32 பிட் நிரல்கள் அனைத்தையும் ஆப்பிள் கைவிட்டது. அதற்கு முன் காசு கொடுத்து வாங்கிய ஏராளமான கேம்கள் ஒரே அப்டேட்டில் திறக்காமல் போயின. வேறு வேலைக்காக மேக் ஏற்கெனவே இருந்தால் அதில் ஓடுகிற கேமை ஆடிக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் எல்லாருக்கும் தெரிந்தது. ஏறக்குறைய எல்லா பிசி கேமும் முதலில் அதற்காகத்தான் எழுதப்படுகிறது. அதன் பலம் அதுதான். ஆனால் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும் என்பதால் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பல பழைய பிசிகள் வெளியே நிற்கின்றன. கேம் ஆட உட்கார்ந்தால் அறிவிப்புகளும் விளம்பரங்களும் வேறு. அந்தக் கம்ப்யூட்டர் நம்முடையது என்ற உணர்வே போய்விடுகிறது.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி லினக்ஸ், யாரும் இலவசமாகப் போட்டுக்கொள்ளக்கூடிய ஓஎஸ். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

விண்டோஸுக்கு எழுதிய கேம் லினக்ஸில் எப்படி ஓடும்? பலர் எமுலேட்டர் என்று நினைக்கிறார்கள். எமுலேட்டர் என்பது வேறொரு பிராசஸரையே நடித்துக் காட்டுவது, அதனால் மெதுவாகும். இங்கே அது தேவையில்லை. விண்டோஸ் பிசியிலும் லினக்ஸ் பிசியிலும் இருப்பது ஒரே வகை பிராசஸர். கேமுக்குள் இருக்கும் கட்டளைகள் அதற்கு நேரடியாகவே புரியும். புரியாதது நடுவில் நிற்பவரிடம் கேம் கேட்கிற கேள்விகள் மட்டும்தான். அப்படியானால் தேவை ஒரு துபாஷி, இரண்டு மொழியும் தெரிந்த ஆள்.

அந்த துபாஷியின் பெயர் வைன். 1993-லேயே தொடங்கிய திட்டம். ‘வைன் ஒரு எமுலேட்டர் அல்ல’ என்ற ஆங்கில வாக்கியத்தின் முதலெழுத்துகள்தான் அந்தப் பெயரே. கேம் ‘சி டிரைவில் இந்த ஃபோல்டருக்குள் என் சேவ் ஃபைலைத் திற’ என்று கேட்கும். லினக்ஸில் சி டிரைவ் என்று ஒன்று கிடையாது. வைன் சாதாரண ஃபோல்டர் ஒன்றுக்குள் சி டிரைவ் என்று ஓர் இடத்தை உண்டாக்கி, விண்டோஸில் இருக்கிற மாதிரியே உள்ளே ஃபோல்டர்களை அடுக்கி வைத்து, கேம் கேட்ட ஃபைலை அங்கிருந்து எடுத்துக் கொடுக்கும். தான் இருப்பது லினக்ஸ் வீட்டில் என்று பெரும்பாலான கேம்களுக்குத் தெரியவே தெரியாது.

நீண்டகாலம் கிராபிக்ஸ்தான் இதில் இடறியது. ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையை நடத்தும் வால்வ் கம்பெனி 2015-ல் லினக்ஸ் போட்ட ஸ்டீம் மெஷின் என்ற பிசிகளை வெளியிட்டபோது, கேம் கம்பெனிகள் லினக்ஸுக்கென்று தனியாக எழுதித் தந்தால்தான் உண்டு என்ற நிலை. பெரும்பாலானவர்கள் எழுதித் தரவில்லை. அந்த முயற்சி எடுபடவில்லை. அப்புறம்தான் 2016-ல் வல்கன் வந்தது. சிப்புக்கு மிக அருகில் நின்று பேசுகிற மொழி என்பதால், டைரக்ட்3டி கட்டளையை வாங்கி வல்கனாக மாற்றிக் கொடுத்தாலும் பெரிதாக வேகம் குறையவில்லை. டைரக்ட்3டி 9, 10, 11 பதிப்புகளை டிஎக்ஸ்விகே என்ற நிரல் மாற்றுகிறது, 12-ஐ விகேடி3டி என்ற நிரல் மாற்றுகிறது. இவற்றை வைனோடு சேர்த்துக் கட்டி 2018 ஆகஸ்டில் வால்வ் தந்ததுதான் புரோட்டான். லினக்ஸில் ஸ்டீமைத் திறந்து விண்டோஸ் கேமை டவுன்லோட் செய்து ‘பிளே’ அமுக்கினால் மீதியை அது பார்த்துக்கொள்ளும். 2022 பிப்ரவரியில் வந்த ஸ்டீம் டெக் என்ற கைக்கடக்கமான பிசி முழுக்க இதை நம்பித்தான் நிற்கிறது. மேலே சொன்ன ஷேடர் திக்கலுக்கும் அங்கே ஒரு மருந்து உண்டு. டெக்கில் சிப் ஒரே வகை என்பதால் கம்பைல் செய்த ஷேடர்களையே ஸ்டீம் உங்களுக்கு அனுப்பிவிடும். பிசிக்குள் கன்சோலின் வசதி.

இனி வருத்தமான பக்கம். ஆன்லைன் போட்டி கேம்களில் ஏமாற்றுகிறவர்களைப் பிடிக்க ஆன்டி-சீட் என்று ஒரு நிரல் கூடவே வரும். சில ஆன்டி-சீட் நிரல்கள் விண்டோஸின் கெர்னல் வரைக்கும், அதாவது ஓஎஸ்ஸின் கருவறை வரைக்கும் இறங்கி நிற்கும். ரயட் கம்பெனியின் வேலரன்ட் கேமோடு வரும் வேன்கார்டு அப்படிப்பட்டது, பிசி ஆன் ஆகும்போதே அதுவும் எழுந்துகொள்ளும். துபாஷியால் கருவறைக்குள் போக முடியாது. அதனால் வேலரன்ட் லினக்ஸில் ஓடாது. ஈஸி ஆன்டி-சீட், பேட்டில்ஐ என்ற வேறு இரண்டு ஆன்டி-சீட் நிரல்களும் 2021-லிருந்து புரோட்டானில் வேலை செய்யக்கூடியவை, ஆனால் கேம் கம்பெனி அதற்கு அனுமதி கொடுத்தால்தான். சிலர் கொடுத்தார்கள், சிலர் கொடுக்கவில்லை, சிலர் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். நண்பர்களோடு வாராவாரம் ஆடிக்கொண்டிருந்த ஒரு கேம் இப்படித்தான் ஒரு அப்டேட்டோடு என் பிசியில் திறக்காமல் போனது. கேமில் குறையில்லை, பிசியிலும் குறையில்லை. உள்ளே விடமாட்டோம் என்று ஒரு முடிவு, அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தக் குழுவோடு ஆடுவது நின்றே போனது. இன்றைக்கும் அது மனதை உறுத்துகிறது.

ஆகவே என்னிடம் யோசனை கேட்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது பட்ஜெட்டை இல்லை. அடுத்த ஒரு வருஷத்தில் நிச்சயமாக ஆடப்போகிற மூன்று கேம்களை எழுதச் சொல்வேன். மூன்றும் தனியாக ஆடுகிற கதை கேம்களா? புரோட்டான்டிபி தளத்தில் பெயரைப் போட்டுப் பாருங்கள், உங்களைப் போன்றவர்கள் லினக்ஸில் ஆடிப் பார்த்துத் தந்த தர மதிப்பீடு இருக்கும். பிளாட்டினம், கோல்டு என்று வந்தால் லினக்ஸைத் தாராளமாகப் போடலாம். அதில் ஒன்று கெர்னல் ஆன்டி-சீட் உள்ள ஆன்லைன் கேமா? அந்த ஒன்றுக்காகவே விண்டோஸ் வேண்டும், இல்லையென்றால் அது வந்திருக்கும் கன்சோல் வேண்டும். நின்டெண்டோவின் சொந்த கேம்தான் வேண்டுமா? அதற்கு நின்டெண்டோ இயந்திரத்தைத் தவிர வேறு வழியில்லை, கிராபிக்ஸ் கார்டைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

இன்னொன்று. ஸ்டீமில் வாங்கினாலும் கன்சோல் கடையில் வாங்கினாலும் நாம் வாங்குவது ஆடுவதற்கான உரிமம்தான். பத்து வருஷம் கழித்தும் திறந்து ஆடவேண்டும் என்று தோன்றுகிற கேம் ஜிஓஜி தளத்தில் இருந்தால் நான் அங்கேதான் வாங்குகிறேன். பூட்டு இல்லாத இன்ஸ்டாலரையே டவுன்லோட் செய்து தனி டிஸ்க்கில் வைத்துக்கொள்ளலாம். போன வருஷம் பிசியை மாற்றியபோது அந்த டிஸ்க்கையும், வைன் உண்டாக்கிய அந்த சி டிரைவ் ஃபோல்டரையும் மட்டும்தான் புது இயந்திரத்துக்குக் கொண்டுவந்தேன். விண்டோஸ் எக்ஸ்பி காலத்து கேம் ஒன்று, பழைய சேவ் ஃபைலோடு, நான் கடைசியாக நிறுத்திய பாலத்தின் மேலேயே திறந்தது.